பெண்களின் நகைச்சுவைக்கு ஓர் இணைய இதழ்: கொழிஞ்சாம்பாறையிலிருந்து எப்படித் தொடங்குவது?

கேள்வி சுருக்கமாக இது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கம் இருக்கும் ஐந்து பெண்கள் சேர்ந்து ஒரு தமிழ் இணைய இதழ் தொடங்க நினைக்கிறார்கள். எந்தக் கட்சிக்கும் பத்திரிகைக்கும் கட்டுப்படாதது. பெண்ணியப் பார்வையுள்ள நகைச்சுவைதான் முதல், கதையும் கவிதையும் அடுத்து. கையில் 20,000 ரூபாய். எங்கே தொடங்குவது, என்னவெல்லாம் கெடும், சட்டச் சிக்கல் வருமா?

தளம் கட்டுவது ஒரு வாரத்து வேலை. அதைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கவலைப்படுகிறார்கள், ஆனால் தேவையில்லை. உண்மையான வேலை இரண்டு. ஒன்று, வரும் நகைச்சுவையைக் கறாராகச் செம்மைப்படுத்துவது. இன்னொன்று, அதை எழுதிய பெண் தனியாக மாட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. பணம், கடவுச்சொல், ஒப்பந்தம், புனைபெயர் என்று எந்த முடிவை எடுத்தாலும் இந்த இரண்டாவது வேலையை மனதில் வைத்து எடுங்கள்.

முதலில் சரக்கு. உங்கள் பக்கத்தில் சரக்குக்குப் பஞ்சம் கிடையாது. கல்யாண வீட்டில் சம்பந்தி ஏசல் பாடுகிற பெண்கள் மாப்பிள்ளை வீட்டாரை வரிசையாக நிறுத்திக் கிழிப்பார்கள். கேட்பவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொள்வார்கள். 2015 செப்டம்பரில் மூணாறு தேயிலைத் தோட்டத்துப் பெண்கள், பெரும்பாலும் தமிழ் பேசுகிறவர்கள், 20 சதவீத போனஸ் கேட்டுப் ‘பெம்பிளை ஒருமை’ என்று திரண்டார்கள். அப்போது தொழிற்சங்கத் தலைவர்களைக் கேலி செய்து கோஷங்களை அவர்களே கட்டினார்கள். அயல்கூட்டத்தில், அதாவது அக்கம்பக்கத்துப் பெண்களின் சேமிப்புக் குழுவில், கணக்கு முடிந்த பிறகு நடக்கும் பேச்சைக் கேட்டாலே ஒரு வருஷத்துக்கு எழுதலாம்.

ஆனால் ஏசல் பாட்டில் கேட்பவருக்கு ஆள் தெரியும், குரல் தெரியும், சந்தர்ப்பம் தெரியும். எழுத்தில் இந்த மூன்றும் இல்லை. சென்னையிலோ ஆந்திர எல்லை நகரியிலோ இருந்து படிக்கிறவளுக்கு, எந்த விளையாட்டை விளையாடுகிறோம் என்பது முதல் நூறு சொற்களுக்குள் புரிந்தாக வேண்டும். வாய்மொழியில் நன்றாகச் சிரிக்க வைக்கிற பெண்கள் எழுதும்போது சப்பென்று போவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இதற்கு எளிய வழி, ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த ஓர் எழுத்து வடிவத்தை இரவல் வாங்குவது. டெண்டர் அறிவிப்பு, பள்ளிக்கூடச் சுற்றறிக்கை, கூட்டத்தின் மினிட்ஸ், வாரபலன், வரன் விளம்பரம், சமையல் குறிப்பு, மருந்துச் சீட்டு, செக்போஸ்டில் நிரப்பச் சொல்லும் படிவம். படிக்கிறவருக்கு அந்த வடிவத்தின் விதிகள் தெரியும் என்பதால், விதி எங்கே பிசகுகிறதோ அங்கே சிரிப்பு வருகிறது.

உதாரணமாக, பெண் பார்க்க வருவதை டெண்டர் அறிவிப்பாக ஒருவர் எழுதி அனுப்புகிறார் என்று வையுங்கள். முதல் பிரதி பெரும்பாலும் இப்படித் தொடங்கும்: “நம் சமூகத்தில் இன்றும் பெண்ணை ஒரு பொருளாகவே பார்க்கிறார்கள். அதை விளக்க ஒரு கற்பனை டெண்டர்.” இந்த இரண்டு வரியையும் வெட்டிவிட வேண்டும். சிரிப்பு வருவதற்கு முன்பே அர்த்தத்தைச் சொல்லிவிட்டால் மீதியை ஏன் படிக்க வேண்டும்? நேராக உள்ளே போகலாம்: “பொருள்: மருமகள், எண்ணிக்கை ஒன்று. பணி தொடங்கும் நேரம்: காலை 4.30. முடியும் நேரம்: குறிப்பிடப்படவில்லை. முன்வைப்புத் தொகை: பணியை ஏற்பவரே செலுத்த வேண்டும். திருப்பித் தரப்படாது.” உண்மையான டெண்டரில் வேலை கிடைக்காதவர்களுக்கு முன்வைப்புத் தொகை திரும்பி வரும், வேலையை எடுத்தவருக்குக் கூலியும் வரும். இங்கே இரண்டும் இல்லை. வரதட்சணை என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லாமல் விஷயம் வந்துவிட்டது. அந்தச் சொல்லைக் கடைசி வரியில் எழுதியவர் சேர்த்திருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள்.

அடுத்து வரிசை. இந்த வகை எழுத்து பட்டியலாக வளரும். மூன்றாவது அம்சத்தையும் ஆறாவது அம்சத்தையும் இடம் மாற்றிப் பாருங்கள். ஒன்றும் கெடவில்லை என்றால் அந்தப் பட்டியல் ஏறவே இல்லை என்று பொருள். சின்னக் கோரிக்கையில் தொடங்கி, நம்பக்கூடிய அடுத்த படி, அதற்கும் அடுத்த படி என்று போய், அபத்தத்தின் உச்சியில் ஓர் உண்மையான விவரத்தில் நிற்க வேண்டும். 15 அம்சம் வந்தால் 8 ஆக்குங்கள். மொத்தம் 500 முதல் 800 சொற்கள் போதும். ஆயிரத்தைத் தாண்டும் நகைச்சுவைக்குக் கதையின் எலும்புக்கூடு வேண்டும். வெறும் வடிவ விளையாட்டு அவ்வளவு தூரம் தாங்காது.

இப்போது முக்கியமான பரிசோதனை: அடி யார் மேல் விழுகிறது? மாமியார் நகைச்சுவைதான் உங்களுக்கு அதிகம் வரும். மாமியாரைக் கருமியாகவும் கொடுமைக்காரியாகவும் காட்டி முடிவதை மேடைக் கோமாளிகள் போதிய அளவு செய்துவிட்டார்கள். அந்த மாமியாரும் அதே அடுப்படிக்குப் பதினெட்டு வயதில் வந்தவள்தான். வீட்டுப் பத்திரம் யார் பெயரில் இருக்கிறது, கடைசியில் சாப்பிடுவது யார், சண்டை நடக்கும்போது திண்ணையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருப்பது யார்? எழுதியவரிடம் இதைக் கேளுங்கள். பல சமயம் அடி விழவேண்டிய ஆள் கதையில் வசனமே இல்லாமல் அந்தத் திண்ணையில்தான் இருப்பார். அவரை உள்ளே இழுத்தாலே கதை வேறாகிவிடும்.

கறுப்பு நிறம், உடல் பருமன், கைம்பெண், திருநங்கை, ‘எஸ்டேட்காரி’, தாழ்த்தப்பட்ட சாதியின் பேச்சு. இவற்றை வைத்துச் சிரிப்பு வாங்கும் வரி ஒன்றுகூட வெளியே போகக்கூடாது. பெண்ணியம் என்ற பெயரில் வரும் எழுத்தில் சாதி நழுவி உள்ளே வருவது பேச்சுவழக்கு வழியாகத்தான். படித்த நாயகி பொதுத்தமிழ் பேசுகிறாள், அவள் வீட்டு வேலைக்காரி மட்டும் கொச்சையாகப் பேசுகிறாள் என்றால் அங்கே சிவப்பு மையால் கோடு போடுங்கள். எல்லோரும் வட்டார வழக்கில் பேசட்டும், இல்லையென்றால் யாரும் பேச வேண்டாம்.

மலையாளக் கலப்பு உங்கள் சொத்து. ‘அயல்கூட்டம்’, ‘சேச்சி’ எல்லாம் சாய்வெழுத்து ஆகாமல் அப்படியே நிற்கட்டும். அடைப்புக்குறியில் பொருள் போட்டால் சிரிப்பு செத்துவிடும். அடுத்த வரியின் செயலிலேயே பொருள் விளங்கும்படி எழுதச் சொல்லுங்கள். விளங்கவைக்க முடியாத மலையாளப் பிரயோகத்தை விட்டுவிடுவதே நல்லது, அது எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

வேலை முறை: ஒவ்வொரு படைப்பையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்க வேண்டும். ஒருவர் எழுதியவருக்குத் தெரியாதவராக இருந்தால் நல்லது. பிறகு மூன்றாம் நபர் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே சலித்தார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள். திருத்தப் பிரதியை எழுதியவரின் சம்மதமில்லாமல் வெளியிடவே கூடாது. நிராகரித்தால் 15 நாளுக்குள் காரணத்தோடு பதில் போக வேண்டும். பதிலே வராத இடத்துக்கு இரண்டாவது முறை யாரும் எழுதி அனுப்பமாட்டார்கள். ஒற்றுப்பிழை பார்க்க ‘நாவி’யும், எழுத்துப்பிழை பார்க்க ‘வாணி’யும் இலவசமாகக் கிடைக்கின்றன. உரையாடலுக்குள் அவை சொல்லும் திருத்தங்களை மட்டும் ஏற்க வேண்டாம்.

தொடங்கும் நாளில் 12 படைப்புகள் கையில் தயாராக இருக்கட்டும். அவற்றில் நான்கை அன்றைக்கே போடுங்கள், மீதி எட்டு இரண்டு மாதத்துக்கான சேமிப்பு. இந்தச் சேமிப்பு இல்லாமல் தொடங்கினால், தேர்வு, திருவிழா, நெல் அறுப்பு என்று ஒரு மாதம் விட்டுப்போகும். அப்புறம் திரும்பி வருவது கஷ்டம்.

இனி தளம். சொந்த டொமைன் (இணைய முகவரிப் பெயர்) வாங்கி, வேர்ட்பிரஸ் மென்பொருளை ஒரு ஹோஸ்டிங்கில் (தளத்தை வைக்க வாடகைக்குக் கிடைக்கும் இடம்) நிறுவுங்கள். மென்பொருள் இலவசம். சமூக ஊடகப் பக்கத்தை மட்டும் நம்பி இதழ் நடத்தாதீர்கள். பத்து பேர் சேர்ந்து புகார் அழுத்தினால் பக்கம் முடங்கலாம், பழைய படைப்பைத் தேடி எடுப்பதும் கஷ்டம். இலவசத் தளமும் நிரந்தரமில்லை. யாஹூ 2009இல் ஜியோசிட்டிஸை மூடியபோது அதில் இருந்த எத்தனையோ பேரின் பக்கங்கள் ஒரே நாளில் போயின. ஹோஸ்டிங் வாங்கும்போது முதல் வருஷச் சலுகை விலையைப் பார்க்காதீர்கள். புதுப்பிக்கும் விலை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு இருக்கும். அதுதான் உங்கள் செலவுக் கணக்கு. ‘.இந்தியா’ என்று முடியும் தமிழ் முகவரியும் வாங்கலாம், அழகாகத்தான் இருக்கும். ஆனால் கேரளத்தில் தமிழ் விசைப்பலகை இல்லாத கைப்பேசிகள் நிறைய. முதன்மை முகவரி ஆங்கில எழுத்தில் இருக்கட்டும்.

ஒவ்வொரு படைப்பின் முகவரியையும் ஆங்கில எழுத்தில் சுருக்கமாக நீங்களே தட்டச்சு செய்யுங்கள். வேர்ட்பிரஸ் தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். எழுத்தைக் கணினியில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், முகவரியில் அது 9 குறிகளாக விரியும். ‘மருமகள்’ என்ற ஒரே சொல் 63 குறி. வேர்ட்பிரஸ் இதற்கு வைத்திருக்கும் இடம் 200 குறிதான், ஆகவே நீளத் தலைப்பு பாதியில் அறுபடும். வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால் சதவீதக் குறிகளாக நீண்டு, ஏதோ வைரஸ் என்று பயந்து யாரும் தொடமாட்டார்கள்.

வரும் கோப்புகளில் பாதி, டிடிபி கடையில் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்ததாக இருக்கும். இணையத்தில் படிக்கக்கூடிய யூனிகோடு எழுத்தாக மாற்றிக் கொடுக்கும் கருவிகள் உண்டு. மாற்றிய பிறகு மூன்றை மட்டும் சரிபாருங்கள்: ‘ர’ இருக்க வேண்டிய இடத்தில் துணைக்கால் வந்திருக்கிறதா, ‘ஔ’வுக்குப் பதில் ‘ஒ’வும் ‘ள’வும் தனித்தனியாக நிற்கிறதா, ‘கொ’, ‘கோ’ போன்றவற்றில் ஒற்றைக்கொம்போடும் இரட்டைக்கொம்போடும் வரும் கால் தனிக்குறியாகப் பிரிந்து கிடக்கிறதா. மூன்றாவது கண்ணுக்குத் தெரியாது, தேடும்போதுதான் தெரியும்: எழுத்து சரியாகத் தெரிந்தும் தேடலில் அந்தக் கதை அகப்படாது. எழுத்துருவுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், மீரா இனிமை, முக்தா மலர் மூன்றும் இலவசம். வரி இடைவெளி எழுத்தின் அளவில் 1.7 மடங்காவது இருக்கட்டும். ஆங்கிலத்துக்கு வைக்கும் 1.4இல் தமிழ் எழுத்தின் மேல்கொம்பும் கீழ்ச்சுழியும் முட்டிக்கொள்ளும்.

நகைச்சுவை எழுத்து தளத்தில் நிற்பதைவிட வாட்ஸ்அப்பில் அதிகம் ஓடும். ஓடும்போது முதலில் உதிர்வது எழுதியவளின் பெயர். இதைத் தடுக்க முடியாது, குறைக்கலாம். ஒவ்வொரு படைப்புக்கும் நீங்களே ஒரு பகிர்வுப் படம் செய்யுங்கள்: 1200க்கு 630 புள்ளி, 300 கேபிக்குள், மிகச் சிறந்த இரண்டு வரி, அந்த வரிகளுக்கு நடுவிலேயே எழுதியவர் பெயரும் இதழின் பெயரும். ஓரத்தில் போட்டால் வெட்டிவிடுவார்கள்.

புனைபெயர் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சின்ன கவனக்குறைவு ஒரு பெண்ணின் வாழ்க்கையைப் பாதிக்கும். எல்லைப்புற ஊர்கள் சின்னவை; பஸ் கண்டக்டருக்கே எல்லோர் குடும்பமும் தெரியும். எழுதுகிறவர்களில் பாதிப் பேர் சொந்தப் பெயரில் எழுதமாட்டார்கள், எழுதச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. பெயர் வெளியே கசிவது எப்போதும் யாரும் நினைக்காத துளைகள் வழியாகத்தான். வேர்ட்பிரஸில் ஆசிரியர் பக்கத்தின் முகவரியில் உள்நுழைவுப் பெயர் தெரியும், ஆகவே எழுத்தாளர்களுக்குத் தனிக் கணக்கே கொடுக்காதீர்கள். எல்லாவற்றையும் ஆசிரியர் குழுவின் கணக்கிலிருந்து ஏற்றுங்கள். வேர்ட் கோப்பின் பண்புகளில் கணினிக்குச் சொந்தக்காரர் பெயர் இருக்கும். கூகுள் ஆவணத்தைப் பகிர்ந்தால் ஜிமெயில் பெயர் தெரியும். கைப்பேசியில் எடுத்த படத்துக்குள் எடுத்த இடமே பதிந்திருக்கலாம். யூபிஐயில் பணம் அனுப்பினால் வங்கிக் கணக்கின் பெயர் அனுப்புபவர் திரையில் வந்துவிடும். அதனால் பணம் அனுப்பும் வேலை ஒரே ஒருவரிடம் இருக்க வேண்டும். உண்மைப் பெயரும் புனைபெயரும் சேர்ந்த பட்டியல் அவரிடம் காகிதத்தில் மட்டும் இருக்கட்டும். டொமைன் பதிவில் வீட்டு முகவரி கேட்பார்கள், பதிவு விவரத்தை மறைக்கும் வசதி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பாருங்கள்.

பெயரை மறைத்தும் விவரம் காட்டிக்கொடுக்கும். ‘மூன்று பெண்களும் ஒரு ரைஸ்மில்லும் உள்ள வீடு’ என்று எழுதினால் ஊரே கண்டுபிடிக்கும். ரைஸ்மில்லைக் கள்ளுக்கடை ஆக்குங்கள், மூன்றை இரண்டாக்குங்கள்.

இது சட்டத்துக்கும் பொருந்தும். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவதூறு 356ஆம் பிரிவு. அதிகபட்சம் இரண்டு ஆண்டு சிறை, அபராதம், அல்லது சமூக சேவை. பெயர் எழுதவில்லை என்பது தப்பிக்கும் வழி ஆகாது. இன்னார்தான் என்று அடையாளம் தெரிந்தாலே போதும். ஆகவே பக்கத்து வீட்டுக்காரரைப் பழிவாங்கும் நகைச்சுவையை ஏற்காதீர்கள். அரசியல்வாதிகளைப் பற்றி எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் அவர்கள் பொதுவில் சொன்னதையும் செய்ததையும் பிடித்துக்கொள்ளுங்கள். உண்மையான ஆளின் வாயில் கற்பனை வசனத்தை வைத்தால், அந்தத் துண்டு மட்டும் ஸ்கிரீன்ஷாட் ஆகி நிஜச் செய்தி போலச் சுற்றும். தலைப்புக்கு மேலும் பகிர்வுப் படத்திலும் ‘நையாண்டி’ என்று போடுவதைக் கட்டாய வழக்கமாக்குங்கள். மத உணர்வைப் புண்படுத்தியதாகப் போடும் வழக்குக்கு அதே சட்டத்தின் 299ஆம் பிரிவு. அதற்குத் திட்டமிட்ட தீய நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும் என்றாலும், வழக்குக்கு அலைவதே ஒரு தண்டனைதான். விரதத்தன்று யார் சமைக்கிறார்கள் என்பதைப் பற்றி எழுதுங்கள், சிரிப்பும் அங்கேதான் அதிகம் இருக்கிறது.

இணையத்தில் எழுதினாலே கைது என்ற பயம் சிலருக்கு இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24இல் ரத்து செய்தது. அதே தீர்ப்பில் கேரள போலீஸ் சட்டத்தின் 118(டி)யும் போயிற்று. 2020 நவம்பரில் கேரள அரசு 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்து, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. எனவே பொத்தாம்பொதுவான பயம் வேண்டாம், குறிப்பான கவனம் போதும். 2021 டிஜிட்டல் ஊடக விதிகள் செய்தி, நடப்பு விவகாரம் வெளியிடுவோருக்கானவை. இலக்கிய இதழ் அந்த வரம்புக்குள் நேராக வராவிட்டாலும், அரசியல் நையாண்டி போடுகிறவர்கள் அந்தக் கால அளவைத் தாங்களே பின்பற்றுவது நல்லது: புகாருக்கு ஒரு மின்னஞ்சல் முகவரி, 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகப் பதில், 15 நாளில் முடிவு.

மிரட்டல் வந்தால் எழுதியவர் பதில் சொல்லக்கூடாது, குழு சொல்ல வேண்டும். ஆபாசச் செய்தியைப் பார்த்ததும் அழிக்கத்தான் கை போகும். அழிக்கும் முன் முகவரி, தேதி, நேரம் தெரியும்படி படம் எடுத்துக்கொள்ளுங்கள். பாரதிய நியாய சன்ஹிதாவிலேயே பெண்ணின் கண்ணியத்தை அவமதிக்கும் சொல்லுக்கு 79, பின்தொடர்ந்து தொல்லை கொடுப்பதற்கு 78, மிரட்டலுக்கு 351 பிரிவுகள் இருக்கின்றன. தேசிய சைபர் கிரைம் இணையதளத்தில் பதிவு செய்யலாம். 1930 என்ற எண் முக்கியமாகப் பண மோசடிக்கானது.

ஒப்பந்தம் நாலு வரி போதும், மின்னஞ்சலில். பதிப்புரிமை எழுதியவருக்கே. முதல் ஆறு மாதம் வேறெங்கும் வெளியிடக்கூடாது. அதன் பின் தளத்தில் நிரந்தரமாக வைத்திருக்கும் உரிமை மட்டும் இதழுக்கு. அச்சுத் தொகுப்பு, ஒலி, காணொளி ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, தனிப் பணம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி, உரிமையை எழுதிக்கொடுக்கும்போது காலம் சொல்லாவிட்டால் ஐந்து ஆண்டு, இடம் சொல்லாவிட்டால் இந்தியா மட்டும் என்று எடுத்துக்கொள்ளப்படும். ‘எல்லா உரிமையும் இதழுக்கே’ என்று ஒரு வரி போடும் இதழ்கள் தமிழில் நிறைய. நீங்கள் அந்த வரியை எழுத வேண்டாம்.

பணம். அமெரிக்காவில் நிக்கோல் கிளிஃபும் டேனியல் லேவரியும் 2013 ஜூலையில் தொடங்கிய ‘தி டோஸ்ட்’ இந்த வகைக்குப் பெயர்பெற்ற முன்மாதிரி. பழைய ஓவியங்களையும் இலக்கியத்தையும் பெண்கள் பக்கமிருந்து கிண்டலாகத் திரும்ப வாசித்த தளம். விசுவாசமான வாசகர் கூட்டம் இருந்தும் 2016 ஜூலை 1இல் நிறுத்தினார்கள். ஹிலரி கிளிண்டன் கடைசி நாளில் அதற்கு எழுதினார் என்றால் அதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். விளம்பரத்தை நம்பிய வருமானம் போதவில்லை. அதைக் கூட்டச் செய்ய வேண்டியிருந்த சமரசங்களில் அவர்களுக்கு விருப்பமில்லை. தளத்தில் விளம்பரம் காட்டிப் பணம் தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018இலிருந்து தமிழுக்கு உண்டு. ஆனால் உங்கள் அளவுக்கு வருவது சொற்பம், அதற்கு விலையாகச் சிவப்பழகு கிரீமும் வசிய ஜோதிடமும் உங்கள் கட்டுரைக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். வேண்டாம் என்பதே என் கருத்து.

கணக்கு போட்டுப் பார்ப்போம். வாரம் ஒரு நகைச்சுவைக்கு 500 வீதம் வருஷம் 26,000. மாதம் ஒரு கதைக்கு 1,000 வீதம் 12,000. மாதம் ஒரு கவிதைத் தொகுதிக்கு 500 வீதம் 6,000. டொமைனும் ஹோஸ்டிங்கும் 6,000 வரை. ஆக 50,000. உங்கள் 20,000 ரூபாயில் தளச் செலவு போக மீதி 14,000, நான்கு மாதம்கூட முழுசாக வராது. அதனால் முதல் ஆறு மாதம் இரண்டு வாரத்துக்கு ஒரு நகைச்சுவை, இரண்டு மாதத்துக்கு ஒரு கதை என்று வைத்துக்கொள்ளுங்கள், கவிதைக்கு மட்டும் மாதக் கணக்கு இருக்கட்டும். மாதம் 50 ரூபாய் தரும் 85 வாசகர்கள் சேர்ந்ததும் வாரத்துக்கு ஒன்றாக்குங்கள். எண்ணிக்கையைக் குறையுங்கள், எழுதியவருக்குத் தரும் பணத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். 500 ரூபாய் பெரிய தொகை அல்ல. ஆனால் வீட்டில் ‘என்னத்தைக் கிறுக்குகிறாய்’ என்று கேட்கப்படும் பெண்ணுக்கு அது வேறு கணக்கு.

நன்கொடையை ஒருவரின் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். தொடக்கத்தில் இரண்டு பேர் கையெழுத்துள்ள கூட்டுக் கணக்கு, பிறகு சங்கமாகப் பதிவு. பதிவுக்கு ஏழு பேர் வேண்டும், ஐவர் போதாது. கேரளத்தில் பழைய மலபாருக்கு 1860 சங்கப் பதிவுச் சட்டமும் பழைய திருவிதாங்கூர்-கொச்சிப் பகுதிக்கு 1955 சட்டமும் நடப்பில் உள்ளன. பாலக்காடு மலபார் என்றாலும் சித்தூர் கொச்சி ராஜ்யத்தின் துண்டாக இருந்தது, ஆகவே விதிமுறை எழுதுவதற்கு முன்பே மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் எந்தச் சட்டம் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் உறவினர்கள் பணம் அனுப்ப முன்வருவார்கள். இந்தியக் குடியுரிமை உள்ளவர் தன் சம்பாத்தியத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் கனடாவிலோ லண்டனிலோ குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணன் அனுப்பினால், தமிழரே என்றாலும், வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். சங்கத்துக்கு அந்தப் பதிவு இல்லாமல் வாங்கக்கூடாது. பாஸ்போர்ட் எந்த நாடு என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்.

இன்னொன்றைப் பலர் மறக்கிறார்கள். உங்கள் பக்கத்தில் தமிழ் பேசுகிறவர்களில் பலருக்கு மலையாளம்தான் வாசிக்க வரும். ஆந்திரத்துச் சித்தூர் (உங்கள் சித்தூர் அல்ல), நகரி, புத்தூர் என்று ஆந்திர எல்லையிலும் இதே கதை, அங்கே தெலுங்கு. அவர்களுக்கு ஒலிதான் வழி. வாரம் ஒரு படைப்பை வாசித்துப் பதிவு செய்யுங்கள். மோனோ, 64 கேபிபிஎஸ் எம்பி3 என்றால் ஐந்து நிமிடம் சுமார் 2.4 எம்பிதான், மெதுவான இணைப்பிலும் இறங்கும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதை நோக்கிப் பேசினால் எதிரொலி குறையும். கைப்பேசி வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில், கொஞ்சம் பக்கவாட்டில் இருக்கட்டும். நேராக வைத்தால் ‘ப’ வரும் இடமெல்லாம் காற்று அடிக்கும். எழுத வராத பெண்களிடமிருந்து குரல் பதிவாகவே படைப்பை வாங்குங்கள். குழுவில் ஒருவர் எழுத்தாக்கி, வாசித்துக் காட்டி, சம்மதம் வாங்கி வெளியிடலாம். குரல்வழித் தட்டச்சு உங்கள் வழக்கைப் புரிந்துகொள்ளாமல் பொதுத்தமிழாக மாற்றிவிடும், கையால் அடிப்பதே பத்திரம்.

பெரும்பாலான சிறு தளங்கள் சாகும் காரணம் சண்டையோ வழக்கோ இல்லை. கடவுச்சொல் வைத்திருந்தவர் கல்யாணமாகியோ வேலைக்கோ வேறு ஊர் போகிறார், டொமைன் கட்டணத் தேதி தாண்டுகிறது, யாரோ அந்தப் பெயரை வாங்கிச் சூதாட்ட விளம்பரம் போடுகிறார்கள். டொமைனை மூன்று அல்லது ஐந்து வருஷத்துக்குச் சேர்த்து வாங்குங்கள். பதிவு மின்னஞ்சல் தனிநபருடையதாக இல்லாமல் இதழுக்கென்று தனியாக இருக்கட்டும், மீட்பு எண்ணாக இன்னொருவரின் கைப்பேசியைக் கொடுங்கள். மாதம் ஒருமுறை முழுத் தளத்தையும் இறக்கி இரண்டு வீடுகளில் இரண்டு பென்டிரைவில் வையுங்கள். ஒவ்வொரு படைப்பையும் வெளியிட்ட அன்றே இணையப் பக்கங்களின் நகலைக் காத்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் சேமித்துவிடுங்கள், அதற்கு ஒரு நிமிடம் போதும். இதழ்களுக்கான பன்னாட்டு அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். இணைய இதழுக்கும் உண்டு, புதுதில்லி தேசிய அறிவியல் நூலகம் கட்டணமில்லாமல் தருகிறது. சில இதழ்கள் வந்த பின் விண்ணப்பியுங்கள். சித்தூர் அரசுக் கல்லூரித் தமிழ்த் துறையில் படிக்கும் மாணவிகள் உங்கள் இதழை மேற்கோள் காட்ட அந்த எண் உதவும். அவர்களில் இரண்டு பேரை முதல் வருஷத்திலேயே வாசிப்புக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள், டொமைன் புதுப்பிக்கும் முறையையும் அவர்களுக்கே சொல்லிக்கொடுங்கள்.